இரண்டு ‘இங்கே’, இரண்டு மணி

ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு விடுதி, நூலகம், கட்டணம் என மூன்று செயலிகள் செய்து கொடுத்திருந்தோம். மூன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். ஒருமுறை உள்நுழைந்தால் மூன்றும் திறக்க வேண்டும் என்றார்கள். முதல் டெமோவை கிளவுடில் வைத்துவிட்டு மலையேறினோம். அன்று மழை, நெட் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டே இருந்த பக்கத்தை அவர்கள் அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தார்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த முறை எல்லாமே என் லேப்டாப்புக்குள் இருக்க வேண்டும் என்று இறங்கும்போதே முடிவு செய்தேன்.

டாக்கர் என்பது மென்பொருள் ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடவைக்கும் கருவி. அதன் கம்போஸ் கோப்பு ஒன்றில் ஐந்து கன்டெய்னர்கள்: உள்நுழைவைக் கவனிக்கும் கீக்ளோக் சர்வர், அதன் தரவைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ், நம் மூன்று செயலிகள். கன்டெய்னர்களுக்கான மூலப் பொதிகளான இமேஜ்களை சேலம் அலுவலகத்திலேயே இறக்கிவைத்தேன். மாதிரிப் பயனர்களையும் பொறுப்புகளையும் ஒரு ஜேசான் கோப்பில் எழுதிவிட்டால் கீக்ளோக் எழும்போதே படித்துக்கொள்ளும். எழுத ஒரு நாள் ஆனது. ஓடவைக்க நான்கு நாள்.

காரணம் லோக்கல்ஹோஸ்ட் என்ற ஒரு சொல். ‘இந்தக் கணினியே’ என்று பொருள். சேலத்தில் இருப்பவரும் ஏற்காட்டில் இருப்பவரும் போனில் ‘இங்கே வெயில்’, ‘இங்கே மழை’ என்று பேசிக்கொண்டால் இரண்டு ‘இங்கே’யும் ஒன்றல்லவே. பிரவுசர் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது லேப்டாப். நூலகச் செயலி சொன்னால் அது குடியிருக்கும் கன்டெய்னர் மட்டும். அங்கே கீக்ளோக் கிடையாது. சரியென்று செயலிக்கு மட்டும் கன்டெய்னரின் பெயரைக் கொடுத்தேன். இப்போது பிரவுசர் கீக்ளோக்கிடம் வாங்கிவந்த டோக்கனில், அதாவது உள்நுழைவுச் சீட்டில், வழங்கியவர் முகவரி ஒன்று, செயலி எதிர்பார்ப்பது வேறொன்று. இப்படி உள்நுழைவதற்கான பொது நெறியான ஓப்பன்ஐடி கனெக்ட் விதிப்படி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

“அண்ணா, டெமோதானுங்களே, அந்தச் சோதனைய மட்டும் நிறுத்திடலாமா?” என்று கேட்டான் கூட இருந்த பையன். எனக்கு மனம் ஒப்பவில்லை. பூட்டைக் காட்டப் போகிற இடத்துக்குச் சாவியில்லாமல் திறக்கும் பூட்டைக் கொண்டுபோவதா?

பிரவுசருக்கும் செயலிக்கும் பொதுவாகக் கீக்ளோக்குக்கு ஒரே பெயர் வைத்தேன். சோதனைக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்ட ‘.டெஸ்ட்’ முடிவு கொண்ட பெயர். எந்தப் பெயர் எந்த முகவரி என்று சொல்லும் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அதுதான், கம்போஸ் நெட்வொர்க்கிலும் அதுதான். உடனே பிரவுசர் முரண்டு பிடித்தது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமலே நம்பும் சலுகை லோக்கல்ஹோஸ்டுக்கு உண்டு, புதுப் பெயருக்கு இல்லை. எம்கேசெர்ட் என்ற கருவி மூலம் அந்த இணைப்புக்கான சான்றிதழ் செய்து, அதை நம்பவைக்கும் மூலச் சான்றிதழைச் செயலிகளின் கன்டெய்னர்களுக்குள்ளும் வைத்த பிறகே வழிக்கு வந்தது.

இரண்டாம் டெமோ அன்று காலையில் வீட்டிலேயே எல்லாவற்றையும் எழுப்பி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்த் திறந்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் ஏற்றது. போனில் உள்ள செயலி காட்டிய ஆறு இலக்க ஓடிபியை மட்டும் தவறு என்றது. மூன்று முறையும் தவறு. கீக்ளோக்கின் நிகழ்வுப் பதிவைத் திறந்து காட்டிக்கொண்டே காரணம் தேடினேன். பக்கத்தில் இருந்த நூலகர் அம்மாதான் கண்டுபிடித்தார். “தம்பி, மணி பத்தரை ஆச்சு. இதுல ஒம்பதே முக்கால்னு இருக்குதே?”

விண்டோஸில் டாக்கர் ஓடுவது அதற்குள்ளேயே இருக்கும் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தில். லேப்டாப் உறங்கிய நேரத்தில் அந்த லினக்ஸின் கடிகாரமும் நின்றுவிட்டது, எழுந்தபின் விட்ட இடத்திலிருந்தே ஓடியது. இந்த ஓடிபிக்கு நெட் வேண்டாம், ஆனால் நேரம் வேண்டும். போனும் சர்வரும் பகிர்ந்துகொண்ட ஒரு ரகசியத்தோடு நேரத்தையும் சேர்த்து 30 நொடிக்கு ஒரு எண்ணாகக் கணக்கிடுகின்றன. கீக்ளோக் ஓர் எண் முன்பின் பொறுத்துக்கொள்ளும், முக்கால் மணி நேரத்தை அல்ல. லினக்ஸை நிறுத்தித் தொடங்கியதும் நூலகர் அம்மாவே எண்ணை அடித்தார். திறந்தது. அடுத்து விடுதிப் பக்கத்தைத் தொட்டவர், “இதுக்கு மறுபடி கேக்காதுங்களா?” என்றார். கேட்கவில்லை. நெட் அன்றும் இல்லை.

அதோடு முடியவில்லை. விடுதிப் பிள்ளைகளிடம் போன் கிடையாதே, ஓடிபிக்கு என்ன செய்வார்கள் என்று வார்டன் கேட்டார். கீழே ஏசி அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. ஊழியர் பொறுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஓடிபி என்று அந்த மேசையிலேயே மாற்றி, மாணவர் கணக்கில் உள்நுழைந்து காட்டினேன். வார்டன் தலையாட்டிவிட்டு, அடுத்ததாகக் கட்டணப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.