ஆடும் அவனும்: ஒரு விடுமுறை நாட்குறிப்பு

ஜூலை 6, 2024, சனி

பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டாயிற்று. மகள் காலையிலேயே ஒரு தாளோடு வந்து நின்றாள். ஊடகப் பாடத்துக்கு மூன்று நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டுமாம்.

"வேற்றுக்கிரகவாசிங்க வந்து ஆடுங்களுக்கு வெறி பிடிக்க வைக்கிறாங்கப்பா. ஆடுங்க ஊரையே கடிச்சுக் கொல்லுது. காமெடி ஹாரர்."

"பட்ஜெட்?"

"அறுபது டாலர். நீங்கதான் தயாரிப்பாளர்."

மாமா ஹீட்டர் பக்கத்தில் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயதில் ஆட்டுக்கிடை போட்டவர். தன் மகளை, அதாவது என் மனைவியைப் பார்க்க மூன்று மாத விசாவில் வந்தவர், நியூசிலாந்தின் வெலிங்டன் குளிர்காலத்தில் மாட்டிக்கொண்டார்.

"செம்மறிக்கு மேல முன்பல்லே கிடையாதே பாப்பா. எதை வச்சுக் கடிக்கும்?"

தேடிப் பார்த்தேன். உண்மைதான். மேல்தாடையில் முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த ஈறுதான் இருக்கிறது. மகள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அதுக்குத்தான் தாத்தா வேற்றுக்கிரகவாசி வர்றான். அவன் பல்லு வச்சு விடுவான்."

கதையின் முதல் ஓட்டை அடைபட்டது.

ஜூலை 7, ஞாயிறு

இந்த ஊரில் இருந்துகொண்டு குறைந்த செலவில் வேற்றுக்கிரகவாசிப் படம் எடுப்பதென்றால், முதலில் 'பேட் டேஸ்ட்' பார்த்துவிட வேண்டும். பின்னால் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எடுத்த பீட்டர் ஜாக்சனின் முதல் முழுநீளப் படம், 1987. பிள்ளைகளுக்கு ஆன படமில்லை. அதனால் மகள் தூங்கிய பிறகு நானும் மாமாவும் மட்டும் உட்கார்ந்தோம்.

கதை இதுதான். கைஹோரோ என்ற கற்பனை ஊரில் ஒரு ஆள்கூட இல்லை. வேற்றுக்கிரகத்துத் துரித உணவு நிறுவனம் ஒன்று ஊர்மக்களை வெட்டி அட்டைப்பெட்டியில் அடைத்து வைத்திருக்கிறது. மனித இறைச்சி அவர்கள் கடையின் புது அயிட்டம். தடுக்க வருவது அரசாங்கத்தின் ஒரு ரகசியப் பிரிவு. பிரிவு என்றால் நாலு பையன்கள்.

மாமாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால் எந்தக் குறையும் இல்லை. டெரெக் என்பவன் மலை உச்சியிலிருந்து விழுகிறான், மண்டை பிளந்து மூளை வழிகிறது. அவன் அதை அள்ளி உள்ளே திணித்து, பெல்ட்டால் தலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறான். மாமா சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்துவிட்டாள். அவளைத் திரும்பப் படுக்க வைத்துவிட்டு வருவதற்குள் ராக்கெட் காட்சி வந்துவிட்டது. ராக்கெட் குண்டு ஒன்றை ஏவுகிறார்கள். அது வீட்டின் ஒரு ஜன்னலில் நுழைந்து மறுபக்கம் வெளியேறி, மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஒன்றைத் தூளாக்குகிறது. மாமாவின் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது.

"அது என்ன பண்ணுச்சு மாப்பிள்ளை?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று முகமூடி நாள். அப்படியே அடி வாங்கிய நாள்.

ஜாக்சன் தன் படத்து வேற்றுக்கிரகவாசிகளின் ரப்பர் முகங்களை அம்மாவின் அவனில், அதாவது கேக் சுடும் அடுப்பில் வைத்துத்தான் சுட்டெடுத்தார். அப்போது அவருக்கு இருபதைத் தாண்டிய வயது. வெலிங்டனில் ஒரு மாலைப் பத்திரிகையில் அச்சுக்குப் படக்கட்டை செய்யும் வேலை. சம்பளத்தில் பிலிம் வாங்கி, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை வைத்து எடுப்பார். 1983-இல் குறும்படமாகத் தொடங்கியது நான்கு வருடம் இழுத்தது. இதையெல்லாம் மகளிடம் சொன்னது என் தப்பு. அவள் காதில் விழுந்தது அந்த 'அவன்' மட்டும்தான்.

பலூன்மேல் காகிதக்கூழ் ஒட்டி, அதன்மேல் கைவினைக் கடையில் வாங்கிய திரவ ரப்பரைப் பூசினோம். செலவு இருபத்திரண்டு டாலர். குளிரில் அது காயவே இல்லை. "எண்பது டிகிரி, அரை மணி நேரம், அவ்வளவுதான்" என்றாள் மகள். எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வீட்டு அவனில் கேக் வேகாது. அது ஒரு அலமாரி. வாணலி, தோசைக்கல், அப்பளம் போட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஊரிலிருந்து வந்த வடாம் எல்லாம் அதற்குள்தான். தமிழ் வீடுகளில் பாதியில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். நாங்கள் கதவைத் திறந்து பார்க்காமலே முதலில் சூடு ஏற்றினோம். எண்பதுக்குப் பதில் இருநூற்றுக்கு எப்படிப் போனது என்பது இன்னும் விசாரணையில் இருக்கிறது.

டப்பா உருகி, கம்பித்தட்டு வழியாகத் தேன்போல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பளம் ஒவ்வொன்றும் அந்தக் குழம்புக்குள் நின்றவாக்கில் பொரிந்து, மீன் செதில் மாதிரி வரிசையாக எழுந்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, சத்தியமாக. எங்கள் முகமூடியைவிட அதுதான் வேற்றுக்கிரகவாசி.

மனைவி உள்ளே வந்தாள். புகை அலாரம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

"உள்ள சட்டி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்க வாய் இல்லையா? இத்தனை வருஷம் இந்த வீட்ல இருக்கீங்களே, எது எங்க இருக்குன்னு தெரியுமா? எல்லாரும் வெளிய போங்க! ஒருத்தர் இருக்கக் கூடாது!"

மாமாவும் சேர்ந்தே வெளியே வந்தார். மூன்று பேரும் மழைக் காற்றில் வாசலில் நின்றோம். "எவன்ல வச்சீங்க?" என்றார். "அவன்ல மாமா." "அதான், எவன்ல?"

ஜூலை 13, சனி

முகமூடி ஒருவழியாகத் துணி உலர்த்தியின் பக்கத்தில் நாலு நாள் கிடந்து காய்ந்தது. ஒரு காது சிறுத்துவிட்டது. பரவாயில்லை.

இன்று இடம் பார்க்கக் கிளம்பினோம். வெலிங்டன் நிலையத்திலிருந்து காப்பிட்டி தடத்து ரயில். போரிருவா, பிளிம்மர்டன் தாண்டினால் புக்கெருவா பே. ஜாக்சன் வளர்ந்த ஊர் இதுதான், படத்தில் பெரும்பகுதி எடுத்ததும் இங்கும் சுற்றுவட்டாரத்திலும்தான். நிலையத்தில் இறங்கி நடந்தால் எதிரே கடலில் காப்பிட்டி தீவு திமிங்கலம் போலப் படுத்திருக்கிறது. மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. இங்கிருந்து பேக்காக்காரிக்கி வரை பத்து கிலோமீட்டர் மலைப்பாதை போகிறது, தொங்குபாலங்களோடு. மாமாவை வைத்துக்கொண்டு அதற்கெல்லாம் ஆசைப்படவில்லை.

அந்தச் சரிவைப் பார்த்ததும் மகளுக்கு ஒரு விஷயம் சொன்னேன். படத்தில் தாடி இல்லாத டெரெக்கும், தாடி வைத்த ராபர்ட் என்ற வேற்றுக்கிரகவாசியும் மலை விளிம்பில் சண்டை போடுவார்கள். இரண்டும் ஜாக்சனேதான். இரட்டை வேடத்துக்கு நம் ஊரில் பாதித் திரையை மறைத்து எடுப்பார்கள், முதுகைக் காட்ட ஒரு டூப் நிற்பார். இவர் தாடியோடு ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மழித்த முகத்தோடு மறுபக்கத்தை மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்தார். வெட்டி ஒட்டினால் சண்டை. கிராபிக்ஸ் கிடையாது.

"அப்ப நீங்களே ஆடு, நீங்களே ஹீரோ" என்றாள். என் தாடியைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருந்திருக்கிறது.

நடுவில் நடிகர் ஒருவருக்குக் கல்யாணம் ஆகிப் படத்தைவிட்டே போய்விட்டார், பிறகு திரும்பி வந்தார், கதை அதற்கேற்ப வளைந்து கொடுத்தது. சம்பளம் இல்லாத படத்தில் கால்ஷீட் பிரச்சினை இப்படித்தான் தீரும் போல.

ஜூலை 14, ஞாயிறு

இந்த விடுமுறையில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இன்றைக்குத்தான்.

படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் தங்கியிருக்கும் பெரிய வீடு, கடைசியில் ராக்கெட்டாகப் பறந்துபோகும் வீடு, போரிருவாவில் இருக்கிறது. பெயர் கியர் ஹோம்ஸ்டெட். இப்போது கல்யாணம், விருந்துக்கெல்லாம் விடுகிறார்கள். குன்றின்மேல் மர வீடு. தாழ்வாரத்தில் மாமா கொஞ்ச நேரம் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டார்.

யார் இந்த கியர் என்று பார்த்தால், ஜேம்ஸ் கியர், இறைச்சி வியாபாரி. கசாப்புக்கடையில் தொடங்கி, பெரிய இறைச்சி நிறுவனம் நடத்தி, ஆட்டிறைச்சியைப் பதப்படுத்திக் கப்பலேற்றியவர்! 1882-இல்தான் 'டனடின்' என்ற பாய்மரக் கப்பல் சுமார் 5,000 வெட்டிய ஆடுகளை உறைய வைத்து நியூசிலாந்திலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோனது. மூன்று மாதத்துக்கு மேல் பயணம். அந்த ஒரு கப்பல் இந்த நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து இங்கே 7 கோடி ஆடு, ஆளுக்கு இருபத்திரண்டு. இப்போது ஆளுக்கு ஐந்துகூட இல்லை.

இந்த வீட்டில்தான் மனிதனைத் துண்டுபோட்டு, பெட்டியில் அடைத்து, வெகுதூரத்து வாடிக்கையாளருக்கு ஏற்றுமதி செய்ய வந்தவர்களைக் குடிவைத்தார் ஜாக்சன். தெரிந்து செய்தாரா, வாகான வீடு கிடைத்தது என்று செய்தாரா, எனக்கு அக்கறை இல்லை. கைஹோரோ என்ற பெயரும் சும்மா வைத்ததில்லை. மாவோரி மொழியில் 'கை' என்றால் உணவு. கைஹோரோ என்றால் அவக் அவக் என்று விழுங்குவது. 'மட்டமான ரசனை' என்று அவரே தலைப்பு வைத்துக்கொண்டதால் எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கறி சாப்பிடும் நாட்டைக் கறியாக்கிப் பார்த்த படம் அது.

மாமாவிடம் விளக்கினேன். அவர் தாழ்வாரத் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ராக்கெட்டுல செத்த ஆடும் இவர் ஆடுதானா?"

ஜூலை 17, புதன்

கொலைகார ஆட்டுக்கு முன்னோடி உண்டா என்று மகள் கேட்டாள். இருக்கிறது. 'பிளாக் ஷீப்', 2006, ஜொனாதன் கிங் இயக்கியது. மரபணுவைக் கிண்டி ஆட்டை மாமிசம் தின்ன வைத்துவிடுகிறார்கள், கடிபட்ட மனிதனும் ஆடாக மாறுகிறான். கதாநாயகனுக்கு ஆடு என்றாலே நடுக்கம். பண்ணையில் பிறந்தவனுக்கு! ஆட்டுப் பொம்மைகளும் கோரமும் 'வீட்டா வொர்க்ஷாப்' என்ற வெலிங்டன் சினிமாப் பட்டறையின் வேலை. இதில் காசு தெரிகிறது. அதனாலேயே எனக்கு ஒரு படி கீழேதான்.

ஆனால் ஆடுகள் விடும் வாயுவில் தீப்பற்றும் முடிவு இந்த ஊர்க்காரர்களுக்கு இரட்டிப்புச் சிரிப்பு. 2003-இல் கால்நடைகளின் மீத்தேனுக்காக விவசாயிகள்மேல் வரி போடப் பார்த்தார்கள். ஊரே அதற்குக் 'குசு வரி' என்று பெயர் வைத்தது. ஒரு எம்.பி. டிராக்டரை நாடாளுமன்றப் படியிலேயே ஏற்றினார். வரி வரவில்லை. உண்மையில் ஆட்டு மீத்தேனில் பெரும்பங்கு ஏப்பத்தில்தான் போகிறது. மாமா இதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார்.

ரத்தம் காய்ச்சினேன். சீனிப்பாகு, கேசரிப் பவுடர், கறுக்கக் கொஞ்சம் கோகோ. வேற்றுக்கிரகவாசி குடிக்கும் பச்சைக் கஞ்சிக்கு அவல், தயிர், பச்சை நிறம். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் பாதியைக் காணோம். மாமா, "உப்பு பத்தலை" என்றார்.

ஜூலை 20, சனி

படப்பிடிப்பு. புக்கெருவா பே, வேலிக்கு வெளியே புல்வெளி. பழைய சாமான் கடையில் பன்னிரண்டு டாலருக்கு வாங்கிய ஆட்டுத்தோல் விரிப்பு என் முதுகில். பல் மட்டும் மகள் களிமண்ணில் செய்தது, மேல்வரிசை.

நான் காலையில் தாடியோடு ஹீரோ. மதியம் கழிப்பறையில் பச்சைத் தண்ணீரில் மழித்துக்கொண்டு ஆடு. ஆட்டுக்கு எதற்கு மழித்த முகம் என்று கேட்டேன். "பல் நல்லாத் தெரியணும்" என்றாள் இயக்குநர்.

மாமாதான் வேற்றுக்கிரகத் தலைவர். முகமூடிக்கு மேல் குரங்குக் குல்லாய். காது குளிருதாம், கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். அந்தக் கோலத்தில் அவர் கையைத் தூக்கி ஆடுகளை ஏவ வேண்டும். வேலிக்கு அந்தப் பக்கம் நிஜ ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மாமா வசனத்தை விட்டுவிட்டு, நாக்கைச் சுழற்றி, கிடை ஆட்டைக் கூப்பிடும் குரல் ஒன்றைக் கொடுத்தார். நாற்பது தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் குனிந்து புல்லுக்குப் போய்விட்டன.

"தமிழ் தெரியாத ஆடுங்க" என்றார்.

அந்த நிமிர்ந்த தலைகள் கேமராவில் விழுந்துவிட்டன. படத்தில் செலவே இல்லாத காட்சி அதுதான், சிறந்த காட்சியும் அதுதான்.

ஜூலை 21, ஞாயிறு

வெட்டி ஒட்டினோம். குரல் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் காற்றுச் சத்தம். ஜாக்சனுக்கும் இதே கதிதான். ஒலி இல்லாமல் எடுத்து, முழுப்படத்துக்கும் பிறகுதான் குரல் கொடுத்தார்கள். அவருக்காவது நியூசிலாந்து திரைப்பட ஆணையத்தின் ஜிம் பூத் பணம் ஒதுக்கிக் கைகொடுத்தார், பின்னால் வேலையை விட்டுவிட்டு அவருக்கே தயாரிப்பாளரும் ஆனார். எனக்கு மிஞ்சியது நாலு டாலர்.

தலைவர் பேச்சுக்கு மாமாவைப் போனில் பேசச் சொன்னோம். எத்தனை முறை சொன்னாலும் குரலில் கோபம் வரவில்லை. பேத்தியைப் பார்த்தாலே சிரித்துவிடுகிறார்.

மகள் போனை நோண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினாள். முகமூடிக்குள்ளிருந்து, குரங்குக் குல்லாய்க்குக் கீழே, தலைவர் கையை உயர்த்துகிறார். ஆடுகள் நிமிர்கின்றன. அலாரம் பின்னணி இசையாக அலறுகிறது.

"இத்தனை வருஷம் இந்த வீட்ல இருக்கீங்களே, எது எங்க இருக்குன்னு தெரியுமா? எல்லாரும் வெளிய போங்க! ஒருத்தர் இருக்கக் கூடாது!"

கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: பூமிவாசிகளே, இந்தக் கிரகம் இனி எங்களுடையது.

மனைவி சமையலறையிலிருந்து, "யாரு டிவி போட்டது?" என்று கேட்டாள்.