இன்ஜின் சூடாக இருந்தால் திரும்பிவிடுவேன்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி இன்ஜின் அண்ணா நல்லது?" கோவையில் இன்ஜின் ரீகண்டிஷன் செய்யும் லேத் பட்டறை ஒன்றில் வேலை பழகியவன் நான். சிலிண்டர் போரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேசிங் என்று, உயிர் போன இன்ஜின்களோடுதான் என் இளமை கழிந்தது. மேசைமேல் பிரித்துக் கிடக்கும் இன்ஜினில் கம்பெனி பெருமை எதுவும் மிஞ்சியிருக்காது. ஆயில் மாற்றாமல் ஓட்டியதா, தண்ணீர் இல்லாமல் ஓட்டியதா என்பதுதான் தெரியும். அங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால் வந்தவை.

இப்போது வண்டி வாங்குபவர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். பிரித்த இன்ஜின் எதையும் மறைக்காது. மூடிய இன்ஜினைப் படிப்பதுதான் சிரமம். அதனால் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வண்டி இரவெல்லாம் நின்றிருக்க வேண்டும், காலையில் நான் வரும்வரை யாரும் சாவி போடக் கூடாது. வந்ததும் பானெட்டைத் திறந்து கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் பேச்சே இல்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன். அவிநாசி சாலையில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் காலை ஏழு மணிக்கே இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. "வாட்டர் வாஷுக்கு எடுத்துப் போனோம் சார், இப்போதுதான் கொண்டுவந்தோம்" என்றார் புரோக்கர். வண்டியின் டயரில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது.

சூடாக்கி வைப்பதால் அவர்களுக்கு என்ன லாபம்? நிறைய இருக்கிறது. வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் சங்கிலிதான் டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். சாவி போட்டதும் ஓரிரு நொடி சலசலத்து அடங்கினால் கவலையில்லை. அதற்கு மேலும் சங்கிலி இழுபடுவது போன்ற சத்தம் தொடர்ந்தால் செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். இன்ஜின் சூடான பிறகு இந்தச் சத்தம் பெரும்பாலும் காதுக்கு எட்டாது. வால்வு சீல் தேய்ந்த பெட்ரோல் வண்டியும் அப்படித்தான். முதல் ஸ்டார்ட்டில் ஒரு கொத்து நீலப் புகையைத் தள்ளிவிட்டு, பிறகு நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடும். டீசலில் ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் போயிருந்தாலும், சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலுவான கம்பிரஷன் குறைந்திருந்தாலும் காலையில் செல்ஃப் நீளமாக இழுக்கும். இவை எல்லாவற்றையும் மறைக்க, பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்தால் போதும்.

எந்த இன்ஜின் நல்லது என்ற கேள்விக்கு நான் எடுத்துக்காட்டுவது ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசலை. மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களில் வெவ்வேறு பெயர்களில் வந்த அதே இன்ஜின். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய கார் சந்தையில் இந்த இன்ஜின் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது. இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயிலை ஒழுங்காக மாற்றிய வாடகைக் கார் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் சத்தமில்லாமல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒருமுறை கோவிலுக்குப் போய் வந்த, "டாக்டர் ஓட்டிய வண்டி" என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒன்று எண்பதாயிரத்திலேயே செயின் வேலைக்கு வந்தது. குறைவாக ஓடியதால் ஆயிலை மாற்றத் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமில்லை, மாதக் கணக்கும் உண்டு. இன்ஜின் ஒன்று, விதி இரண்டு.

ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து ஆயில் கறுப்பாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. டீசல் இன்ஜினில் புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டினாலே கறுத்துவிடும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நான் பார்ப்பது நிறத்தைவிட அளவை. குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது என்று எவரும் சொல்லிவிடலாம். மேல்கோட்டைத் தாண்டி நின்றால்? வாங்குபவர் மகிழ்ந்துபோவார், "ஆயில் நிறைய விட்டு வைத்திருக்கிறார்கள்" என்று. பிஎஸ்-6 டீசல் என்றால் எனக்கு அங்கேதான் உறுத்தும். புகையிலுள்ள கரித்தூளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் அந்த வண்டிகளில் இருக்கிறது. அது நிறைந்ததும், சேர்ந்த கரியை எரிப்பதற்காக இன்ஜின் கூடுதலாக டீசலைச் செலுத்தும். அந்த வேலை முடியச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து காய்கறிக் கடை என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது பாதியிலேயே நின்றுபோகும். எரியாத டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் அளவு ஏறும், வழுவழுப்பு இறங்கும், பேரிங்குகள் தேயத் தொடங்கும். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் சில நேரம் டீசல் வாடையே அடிக்கும். நகருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவர்களிடம், மலிவாக வருகிறது என்பதற்காக பிஎஸ்-6 டீசலை வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். புரோக்கர்களுக்கு என்மேல் கோபம் வருவதும் இதனால்தான்.

இன்னொரு தந்திரம், கெட்டியான ஆயில். 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டால் தட்டும் சத்தமும் புகையும் சில வாரங்களுக்கு அடங்கும். இதைப் பிடிப்பதற்கும் குளிர்ந்த ஸ்டார்ட்தான் உதவும். ஆயில் மேலே ஏறத் தாமதமாவதால் வால்வுப் பக்கம் வழக்கத்தைவிட அதிக நேரம் தட்டிக்கொண்டிருக்கும். பிறகு ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, துவாரத்தின்மேல் உள்ளங்கையைப் பிடிப்பேன். பழைய டீசலில் இலேசான மூச்சு இருக்கும், பரவாயில்லை. குப்குப்பென்று புகையோடு கையைத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்பிரஷன் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். மூடியின் உட்புறத்தில் பால் காபி போலக் குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஊட்டி, குன்னூர் வண்டிகளில் பனிக்காலத்தில் ஈரம் படிந்து கொஞ்சம் வருவதுண்டு, மற்ற இடங்களில், சிலிண்டர்களுக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கூலன்ட் விஷயத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவார்கள். உப்பு படிந்து குழாய்கள் அடைத்து, ஒரு கோடைக்காலத்தில், சாலை நடுவில், வெப்பமானி முள் சிவப்பைத் தொடும். அலுமினிய ஹெட் வளைவதற்கு அப்படி ஒரே ஒரு தடவை போதும். வளைந்த ஹெட்டைச் சமமாகச் சீவி, அதாவது ஃபேசிங் செய்து மாட்டி, பளபளவென்று துடைத்து விற்பனைக்கு நிறுத்திவிடுவார்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் அது குற்றமில்லை, நானே பல ஹெட்டுகளைச் செய்திருக்கிறேன். அரைகுறை வேலையா என்பதை அறிய, இரவு முழுக்க நின்ற வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸை அழுத்திப் பார்ப்பேன். தொளதொளவென்று இருக்க வேண்டும். குளிர்ந்த பின்னும் கல்லாக இருந்தால், சிலிண்டரின் அழுத்தம் கூலன்ட் பாதைக்குள் கசிகிறதோ என்ற சந்தேகம் வலுக்கும். இந்தச் சோதனைக்கும் ஆறிய இன்ஜின்தான் வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளைப் பற்றித் தனியாக எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் ஏலத்தில் கைமாறி மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கு வருகின்றன. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால், தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். இலேசான வளைவோடு இன்ஜின் மாதக்கணக்கில் ஓடும். ஒரு நாள் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இன்ஜினைக் கழுவிவிடலாம், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே படிந்த வண்டல் கோடு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடுவேன். பழுதுக் குறியீடு ஒன்றும் இல்லை என்று திரை காட்டினால் பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அழித்துவிட்டு நிறுத்தியிருந்தாலும் அப்படித்தான் காட்டும். குறியீடுகளை அழித்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் பல கார்கள் வைத்திருக்கின்றன. திருப்பூரில் ஒரு வண்டியில் அது 3 கிலோமீட்டர் என்று வந்தது. விற்பவரிடம் திரையைக் காட்டினேன். பேட்டரி மாற்றினோம் என்றார். பேட்டரியின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

இவ்வளவையும் சொன்னால், பழுதுள்ள வண்டியையே வாங்கக் கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். டேப்பட் கவரில் ஆயில் கசிவு, இன்ஜின் மவுண்ட் ஆட்டம், ஒற்றை இன்ஜெக்டர் கோளாறு, இவையெல்லாம் விலையில் கழித்துக்கொள்ள வேண்டிய பழுதுகள். செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் போட்ட இன்ஜினில் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குப் பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, மாற்றும் செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் இன்ஜின்களே அதிகம். ரிங், கேஸ்கெட், செயின் என்று இன்ஜினைப் பிரிக்க வேண்டிய வேலை என்றால் மட்டும் நான் விலை பேச விடுவதில்லை. அந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்று பிரிக்கும்வரை பட்டறைக்காரனுக்கே தெரியாது.