முன்னிலை எடுத்தாலே பயமாக இருக்கிறது

நேற்று, 2023 டிசம்பர் 28 வியாழக்கிழமை, பாஸ்டனில் நடந்த NBA கூடைப்பந்து ஆட்டத்தை ஒரு நிமிடம் விடாமல் பார்த்தேன். பாதி ஆட்டம் முடிந்தபோது நம் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் 66, பாஸ்டன் செல்டிக்ஸ் 47. எதிரே இருப்பது இந்த சீசனில் சொந்த அரங்கில் இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி, அவர்கள் இடத்திலேயே போய் 19 புள்ளி முன்னிலை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் அடுத்து வரப்போவது மூன்றாவது குவார்ட்டர்.

வந்தது. அவர்கள் 35, நாம் 16. ஸ்கோர் 82-82. பன்னிரண்டே நிமிடத்தில் எல்லாம் கரைந்து போனது. அப்படியும் விடாமல் போராடி ஓவர்டைம் என்கிற கூடுதல் நேரம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள், அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கடைசியில் 128-122. தோல்வி. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது ஒரு தடவை நடந்தால் தாங்கிக்கொள்ளலாம், இது தொடர்ந்து இருபத்தெட்டாவது தோல்வி.

சீசன் எப்படித் தொடங்கியது என்று நினைத்துப் பார்த்தால்தான் இன்னும் வலிக்கிறது. முதல் ஆட்டத்தில் மயாமியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம், அடுத்து ஷார்லட்டையும் சிகாகோவையும் வென்றோம். இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, 2-1. இந்த வருஷம் ஏதோ இருக்கிறது என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அது அக்டோபர் 28. அதற்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. இப்போது 2-29.

இந்த லீக்கில் ஒரே சீசனில் தொடர்ந்து அதிக ஆட்டம் தோற்ற சாதனை 26 ஆக இருந்தது, அதைச் செவ்வாய்க்கிழமையே தாண்டிவிட்டோம். 2015-இல் ஒரு சீசனின் கடைசியிலும் அடுத்த சீசனின் தொடக்கத்திலுமாகச் சேர்த்து பிலடெல்பியா 28 தோற்றது, இப்போது அதையும் தொட்டுவிட்டோம். ஆனால் பிலடெல்பியாவை நம்மோடு ஒப்பிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர்கள் புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் நல்ல இடம் வேண்டும் என்று தெரிந்தேதான் பலவீனமான அணியை இறக்கினார்கள். நாம் அப்படியா? ஃபீனிக்ஸை 2021 இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோன பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸை ஆறு வருஷத்துக்கு 7.85 கோடி டாலர் கொடுத்து அழைத்து வந்தோம். ஜெயிக்கத்தானே அவரைக் கூப்பிட்டது. ஜெயிக்க முயன்றே இப்படித் தோற்பதுதான் என்னைத் தூங்க விடாமல் செய்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். புரூக்ளினோடு, டெட்ராய்டில், நம் ஜனங்களுக்கு முன்னால். நம் கேட் கன்னிங்ஹாம் 41 புள்ளி எடுத்தான், அதில் 37 இரண்டாம் பாதியில் மட்டும். பந்தைக் கொண்டு வருவதும் அவன்தான், இருவர் மேலே வந்து விழும்போது அவர்களைப் பிளந்துகொண்டு போவதும் அவன்தான், உள்ளே போனால் அங்கே ஏற்கெனவே இன்னொருவன் கையை விரித்து நிற்பான், அதையும் தாண்டி எப்படியோ போட்டுவிடுவான். திரும்ப ஓடி வந்து டிஃபென்ஸ் ஆட வேண்டும். 22 வயதுப் பையன், போன சீசனில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அறுவை சிகிச்சை ஆகி வெறும் 12 ஆட்டம் ஆடியவன். இவ்வளவு செய்தும் 118-112 என்று தோற்றோம். அரங்கமே உரிமையாளர் டாம் கோர்ஸைப் பார்த்து அணியை விற்றுவிடு என்று கத்தியது. கத்தியவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. 2011-இல் அவர் அணியை வாங்கியதிலிருந்து இரண்டே தடவைதான் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றுக்குப் போயிருக்கிறோம், 2016, 2019, இரண்டிலும் நாலுக்கு நாலு தோல்வி.

ஏன் இப்படி ஆகிறது என்றால், என் கண்ணுக்குத் தெரிவது இதுதான்: கூடைக்குப் போக இடமே கிடைப்பதில்லை. கில்லியன் ஹேய்ஸ், அசார் தாம்சன் இருவரும் வெளியே நின்று மூன்று புள்ளி போட மாட்டார்கள் என்று எல்லா அணிக்கும் தெரியும், அவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கூடைக்கு முன்னால் ஆளை அடைத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து நம்பிப் போடக்கூடிய போக்டானோவிச் காயத்தால் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஆடவே இல்லை. சரி, அது யார் தவறும் இல்லை. ஆனால் ஜேடன் ஐவியை சீசன் தொடக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஹேய்ஸை இறக்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எதிராளி கூடை வரை ஒரே மூச்சில் ஓடக்கூடியவன் ஐவி. அவன் வேகம் இருந்தால் கன்னிங்ஹாமுக்கு ஒரு மூச்சு விட நேரம் கிடைக்கும், அதைக்கூடக் கொடுக்காமல் அந்தப் பையனை ஏன் இப்படிச் சக்கையாகப் பிழிகிறார்கள்?

அடுத்த டிராஃப்டில் நல்ல ஆள் கிடைப்பான் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். போன சீசனில் 17-65, லீக்கிலேயே கடைசி இடம். அந்த டிராஃப்டில் எல்லாரும் விரும்பிய வெம்பன்யாமா வருவான் என்று காத்திருந்தோம். முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கக் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீத வாய்ப்புதான், வரிசையை முடிவு செய்யும் லாட்டரியில் நமக்கு ஐந்தாவது இடம் விழுந்தது, கடைசி இடத்தில் முடித்த அணிக்கு அதைவிட மோசமாக விழவே முடியாது. வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனான். அதனால் லாட்டரி பேச்சை என்னிடம் எடுக்க வேண்டாம்.

2004-இல் பட்டம் வென்ற நம் அணி ஞாபகத்துக்கு வருகிறது. பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ். ஷாக்கில் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் இருந்த லேக்கர்ஸை இறுதிச் சுற்றில் 4-1 என்று முடித்தார்கள். அவர்கள் 10 புள்ளி முன்னிலையில் இருந்தால் நான் நிம்மதியாக உட்கார்ந்து பார்ப்பேன், பென் வாலஸ் கூடைக்குக் கீழே நிற்கிறான், இனி இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற நம்பிக்கை. இப்போது இருக்கிற பையன்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை என்றால் என்ன என்றே தெரியாமல் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம். டூரனுக்கு 20 வயது, தாம்சனுக்கு 20, ஐவிக்கு 21. எதிராளி தொடர்ந்து இரண்டு தடவை மூன்று புள்ளி ஷாட் போட்டதும் இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், தோள் கொஞ்சம் இறங்குகிறது, அடுத்த பந்தை அவசரப்பட்டு எறிந்து தொலைக்கிறார்கள். இதே வழக்கமாகிவிட்டால்? சாதனைப் பட்டியலில் பெயர் வருவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இந்தத் தோள் இறங்குவதுதான் கவலை.

இன்னும் 51 ஆட்டம் இருக்கிறது. பிளேஆஃப் எல்லாம் யாரும் கேட்கவில்லை.

நாளை சனிக்கிழமை, சொந்த அரங்கில் டொராண்டோவோடு ஆட்டம். தோற்றால் 29, அந்த இடத்தில் நாம் மட்டும் தனியாக நிற்போம். நான் பார்க்கத்தான் போகிறேன், பாதி நேரத்தில் எழுந்து போகவும் மாட்டேன். மூன்றாவது குவார்ட்டரின் முதல் நாலு நிமிடம், அதில் டொராண்டோ தொடர்ந்து புள்ளி குவிக்க ஆரம்பித்ததும் இவர்கள் என்ன செய்கிறார்கள், யார் பந்தைக் கையில் வாங்கி நிதானப்படுத்துகிறான், அது கன்னிங்ஹாம் இல்லாமல் வேறு ஒருவனாக இருக்கிறானா, அதை மட்டும் பார்க்க வேண்டும்.