'அனுப்பியாச்சு'ன்னு எழுதி மூடின வரிகள்

2017 ஜூன் 14, புதன்கிழமை. காலைல ஆறு மணி இருக்கும், மேனேஜர்கிட்டேர்ந்து மெசேஜ், இன்னைக்கு யாரும் சைட்டுக்கு போகாதீங்க, எல்லாரும் நேரா ஆபீஸ் வந்துடுங்கன்னு. என்னன்னு புரியாம டிவிய போட்டா வடக்கு கென்சிங்டன்ல கிரென்ஃபெல் டவர் எரிஞ்சிட்டு இருக்கு. 24 மாடி, கீழேர்ந்து உச்சி வரைக்கும் கருப்பா நிக்குது, சில ஜன்னல்ல இன்னும் நெருப்பு தெரியுது. நான் நின்ன எடத்துலயே ரொம்ப நேரம் நின்னேன். அன்னிக்கு எத்தனை பேருன்னு யாருக்கும் தெரியாது, 72 பேர்னு கணக்கு முடிய மாசக்கணக்காச்சு. அதுல 18 பேர் குழந்தைங்க.

அப்போ நான் லண்டன்ல வேற ஒரு பகுதில ஒரு ஹவுசிங் ஆபீஸ்ல வேலை பார்த்துட்டு இருந்தேன். கவுன்சில் வீடுங்க, நிறைய உயரமான பிளாக்குங்க. என் வேலை என்னன்னா, ஃபயர் ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்றவங்க ஒவ்வொரு பில்டிங்கா போய் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவாங்க, அதுல இருக்கற ஒவ்வொரு குறையையும் ஒரு பெரிய எக்செல் ஷீட்ல ஏத்தி, யாருக்கு போகணுமோ அவங்களுக்கு அனுப்பி, நடந்துச்சான்னு கேட்டு, நிலவரத்தை எழுதி வைக்கணும். ஆக்‌ஷன் டிராக்கர்னு பேரு. படியில குப்பை பை கெடக்கு, எமர்ஜென்சி லைட் எரியல, கேபிள் போற ஓட்டைய அடைக்கல, வீட்டு கதவை தானா மூட வைக்கற க்ளோசர் இல்ல, இப்படி ஆயிரக்கணக்கான வரி. சில சமயம் நானே கூட சைட்டுக்கு போவேன்.

அன்னிக்கு ஆபீஸ்ல முதல் ஒரு மணி நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கல. ஒருத்தங்க அழுதாங்க, அவங்க சொந்தக்காரங்க அந்த டவருக்கு பக்கத்துல லாட்ப்ரோக் குரோவ்ல இருந்தாங்க. அப்புறம் மெதுவா கீபோர்டு சத்தம் ஆரம்பிச்சது. எல்லாரும் என்ன பண்றாங்கன்னு எனக்கு கொஞ்ச நேரம் கழிச்சு தான் உறைச்சது. பழைய மெயிலை தேடிட்டு இருந்தாங்க. கிரென்ஃபெல் வெளிச்சுவர்ல போத்தியிருந்த தகடு, கிளாடிங்னு சொல்வாங்க, நம்ம பிளாக்குலயும் அதே இருக்கா, அது பத்தி நாம ஏதாவது சொல்லிருக்கமா, சொன்னதுக்கு ஆதாரம் இருக்கா. அங்க இன்னும் ஆள் உள்ள இருக்காங்க, இங்க நாங்க எங்களை காப்பாத்திக்க மெயில் தேடறோம். இதை அவங்கள குத்தம் சொல்ல எழுதல, ஏன்னா நானும் தேடினேன். நான் தேடின வார்த்தை 'டோர் க்ளோசர்'.

எங்க பிளாக் ஒண்ணுல பதினோராவது மாடில ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தாங்க. எழுபது வயசுக்கு மேல, முட்டி வலி, லிஃப்ட் நின்னா வீட்டோட தான். முதல் தடவை போனப்போ என் பேரை பார்த்துட்டு தமிழா பிள்ளைன்னு கேட்டு உட்கார வச்சு டீ கொடுத்தாங்க. அவங்க வீட்டு வாசக்கதவுல க்ளோசர் கழண்டு போயிருந்தது, கதவை விட்டா பாதில அப்படியே நிக்கும். குறிச்சிக்கிட்டேன். அடுத்த தடவை வேற எதுக்கோ அந்த மாடிக்கு போனப்போ அவங்களே கூப்பிட்டு காட்டினாங்க. "தம்பி, நீங்களும் எழுதிக்கொண்டு போனியள், அதுக்கு முதல் வந்த பிள்ளையும் எழுதிக்கொண்டு போனது, கதவு அப்பிடியேதான் நிக்குது" அப்படின்னாங்க. கோவமா சொல்லல, சிரிச்சிட்டே தான் சொன்னாங்க. நான் ஆபீஸ் வந்து மறுபடி ரிப்பேர்ஸ் டீமுக்கு மெயில் அனுப்பினேன்.

ஜூன் 14 அன்னிக்கு அந்த வரியை தேடி எடுத்தேன். நிலவரம்ங்கற எடத்துல 'முடிஞ்சது', பக்கத்துல 'ரிப்பேர்ஸுக்கு அனுப்பியாச்சு'. பச்சை கலர். போட்டது நான் தான். யாரும் என்னை பொய் எழுத சொல்லல, எங்க ஆபீஸ்ல அதுக்கு பொய்னு பேரும் கிடையாது. என் டீம்லேர்ந்து வெளிய போயிடுச்சுன்னா என் கணக்குல அது முடிஞ்சது, மாசக் கடைசில எத்தனை சிவப்பு எத்தனை பச்சைன்னு மேல ரிப்போர்ட் போகும், பச்சை ஜாஸ்தியா இருந்தா எல்லாருக்கும் நிம்மதி. ரிப்பேர்ஸ் டீம்ல அது வேற ஒரு லிஸ்ட்ல போய் உட்கார்ந்திருக்கும், பட்ஜெட் வரலன்னு. கதவு மட்டும் பாதில நிக்கும்.

வெளில இருக்கறவங்களுக்கு க்ளோசர் ஒரு சின்ன இரும்பு கைன்னு தோணும். ஆனா இங்க உயரமான கட்டிடங்கள்ல 'ஸ்டே புட்'னு ஒரு ஏற்பாடு, அதாவது வேற வீட்ல தீப்பிடிச்சா நீ உன் வீட்லயே இரு, தீ அந்த வீட்டை விட்டு வெளிய வராதுன்னு. ஒவ்வொரு வீடும் ஒரு மூடின பெட்டி மாதிரி இருந்தா தான் அது செல்லும். எரியற வீட்லேர்ந்து ஓடி வர்ற ஆள் திரும்பி நின்னு கதவை சாத்தமாட்டார், கதவே தானா சாத்திக்கணும். கிரென்ஃபெல்ல நாலாவது மாடில ஒரு வீட்டு சமையலறை ஃப்ரிட்ஜ்ல ஆரம்பிச்ச தீ, ராத்திரி 12:54க்கு முதல் போன், வெளிப்பக்கம் கிளாடிங்ல ஏறி ஜன்னல் வழியா மத்த வீடுகளுக்குள்ள போச்சு, அது முக்கிய காரணம், அதுல சந்தேகம் இல்ல. ஆனா உள்ள பல கதவுங்க தானா மூடல, புகை லாபிக்கு வந்து இருந்த ஒரே ஒரு படிக்கட்டு வரைக்கும் போச்சு. தீ பத்தி அரசு வச்ச பொது விசாரணையோட முதல் ரிப்போர்ட் 2019 அக்டோபர்ல வந்தப்போ நான் கதவு பத்தின பகுதியை தான் முதல்ல படிச்சேன். ஸ்டே புட்டை கைவிட்டது 2:47க்கு, ஒரு மணி நேரம் முன்னாடியே பண்ணிருக்கணும்னு அதுல இருக்கு. அதே ஏரியால அடேர் டவர்னு ஒரு பிளாக்ல 2015 அக்டோபர்ல தீப்பிடிச்சு, கதவுகள்ல க்ளோசர் இல்லன்னு தீயணைப்புத்துறை நோட்டீஸே கொடுத்திருந்தது, ரெண்டு பிளாக்கையும் நிர்வகிச்ச நிறுவனமும் ஒண்ணு தான். எழுதி வச்சிருந்தாங்க. அங்கயும் எழுதி தான் வச்சிருந்தாங்க.

அடுத்த சில வாரம் முழுக்க அரசியல். பிரதமர் தெரசா மே மறுநாள் போய் தீயணைப்பு வீரர்களை பார்த்துட்டு, உயிர் தப்பினவங்களை பார்க்காம திரும்பிட்டாங்க, பின்னாடி அதுக்கு வருத்தப்பட்டாங்க. கென்சிங்டன் கவுன்சில் தலைவர் பத்திரிகைக்காரங்க உள்ள வந்துட்டாங்கன்னு மீட்டிங்கையே பாதில நிறுத்தினார், அடுத்த நாள், ஜூன் 30, ராஜினாமா. லேபர் கட்சில ஜான் மெக்டொனல் இவங்க அரசியல் முடிவுகளால கொலை செய்யப்பட்டவங்கன்னு சொன்னார், உடனே அந்த வார்த்தை சரியா தப்பான்னு ஒரு வாரம் சண்டை. எங்க ஆபீஸ்லயும் ரெண்டு கட்சி. ஒரு பக்கம் செலவை வெட்டினவங்க தான் காரணம்னாங்க, இன்னொரு பக்கம் விதியை எழுதினது அதுக்கு முன்னாடி ஆட்சின்னாங்க. எனக்கு ரெண்டு பக்கத்து கோவமும் நியாயமா தான் பட்டது, ஆனா பேச்சு கட்சி பேர்ல ஆரம்பிச்சு கட்சி பேர்லயே முடிஞ்சிடுச்சு. எந்த மேஜைல எந்த பேப்பர் எந்த தேதில நின்னுச்சுன்னு யாரும் கேட்கல.

நின்ன பேப்பர் இருந்துச்சு. 2009 ஜூலைல தெற்கு லண்டன் கேம்பர்வெல்ல லக்கனால் ஹவுஸ்னு ஒரு பிளாக்ல தீ, ஆறு பேர் செத்தாங்க, அதுல மூணு பேர் குழந்தைங்க. மரண விசாரணை நடத்தின அதிகாரி 2013 மார்ச்ல அப்போதைய அமைச்சர் எரிக் பிக்கிள்ஸுக்கு லெட்டர் எழுதினாங்க, கட்டிட தீப்பாதுகாப்பு வழிகாட்டி யாருக்கும் தெளிவா புரியற மாதிரி இல்ல, வெளிச்சுவர்ல தீ பரவறது பத்தின பகுதியை திருத்துங்கன்னு. பதில் வந்துச்சு. ஆராய்ச்சிக்கு சொல்லிருக்கோம், 2016/17ல புது பதிப்பு வரும்னு. 2017 ஜூன்ல கிரென்ஃபெல் எரியும்போது அந்த பதிப்பு வரல. அந்த லெட்டரையும் பதிலையும் நான் திரும்ப திரும்ப படிச்சிருக்கேன். மரியாதையான பதில், எதையும் மறுக்கல. ஏத்துக்கிட்டு, வேற ஒரு வேலையோட சேர்த்துவிட்டு, தேதியை தள்ளிட்டு, இந்த மேஜைய பொறுத்தவரை முடிச்சாச்சு. நான் என் ஷீட்ல பச்சை போட்ட அதே காரியம் தான். என்னோடது ஒரு கதவு, அங்க ஒரு நாட்டோட விதிப்புத்தகம். அளவு ஒண்ணில்லன்னு எனக்கு தெரியும், ஆனா கை அசைவு ஒண்ணு தான், அதனால தான் அமைச்சரை பார்த்து எனக்கு கோவம் வர்றப்பல்லாம் நெஞ்சுல ஏதோ அடைக்குது.

அதுக்கும் முன்னாடி 2001ல இதே மாதிரி அலுமினிய கிளாடிங்கை, நடுவுல பாலித்தீன் வச்சது, பெரிய அளவுல டெஸ்ட் பண்ணி அது பயங்கரமா எரிஞ்சு, அந்த முடிவை வெளியிடாமலே வச்சிருந்தாங்கன்னு விசாரணைல வந்துச்சு. பதினாறு வருஷம். கிரென்ஃபெல்ல முதல்ல துத்தநாக தகடு தான் போடறதா இருந்தது, இதுக்கு மாத்தினதுல கிட்டத்தட்ட மூணு லட்சம் பவுண்ட் மிச்சம்.

விசாரணையை மதிய சாப்பாட்டு நேரத்துல ஹெட்போன் போட்டு கேட்பேன். விசாரணைக்குழுவோட வக்கீல் ரிச்சர்ட் மில்லெட் ஆரம்பத்துலயே கம்பெனிகள் எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி தள்ளி சுத்தற ராட்டினம்னு சொன்னார், கடைசில 2022ல அதை பழியோட சிலந்திவலைன்னார். ஆர்க்கிடெக்ட் ஃபயர் கன்சல்டன்ட் பார்த்துப்பாங்கன்னு நெனச்சாங்களாம், கான்ட்ராக்டர் ஆர்க்கிடெக்ட் பார்த்திருப்பாங்கன்னு, எல்லாரும், கட்டிடத்தை பார்த்து ஒப்புதல் தர்ற பில்டிங் கன்ட்ரோல் பாஸ் பண்ணிட்டாங்களேன்னு. இவங்க வாய்மொழியா சொல்றதை வச்சு அவங்க மேலயே கேஸ் போடமாட்டோம்னு அரசு வக்கீல் உறுதி கொடுத்ததுக்கப்புறம் தான் பலர் பேசினாங்க, குடும்பத்தை இழந்தவங்க அதை கேட்டுட்டு எப்படி உட்கார்ந்திருந்தாங்களோ தெரியல.

அந்த மொத்த சாட்சியங்கள்லயும் எனக்கு மறக்காதது ஒரு அரசு அதிகாரி, வழிகாட்டிக்கு பொறுப்பா இருந்தவர், பல கட்டத்துல என்னால இதை தடுத்திருக்க முடியும்னு சொல்லி மன்னிப்பு கேட்டார். வீட்ல சிலர் அவரை திட்டினாங்க, திட்டட்டும், தப்பு பண்ணிருக்கார். ஆனா அவருக்கு மேல இருந்த அமைச்சர்கள்ல எத்தனை பேர் அப்படி வாய்விட்டு சொன்னாங்க? பிக்கிள்ஸ் சாட்சி சொல்ல வந்தப்போ எனக்கு இன்னைக்கு நிறைய வேலை இருக்கு, நேரத்தை பார்த்து பயன்படுத்துங்கன்னார், செத்தவங்க 96 பேர்னு சொன்னார். 96ங்கறது 1989ல ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல்ல செத்தவங்களுக்கு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருந்த எண்ணிக்கை. அப்புறம் மன்னிப்பு கேட்டார்தான். நான் ஹெட்போனை கழட்டி வச்சிட்டு வெளிய போய் நடந்தேன்.

எங்க ஆபீஸ்ல தீக்கப்புறம் வேலை ரெட்டிப்பாச்சு, நல்ல மாற்றமும் வந்துச்சு, பணம் வந்துச்சு. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வந்துச்சு, எல்லாத்தையும் எல்லாருக்கும் சிசி போடறது. பதினஞ்சு பேருக்கு தெரிஞ்ச விஷயத்துக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல. பழிக்கு பயந்தா மனுஷன் பேப்பர் சேர்ப்பான், கதவை போய் பார்க்கமாட்டான், இதை நான் கண்ணால பார்த்தேன். 2022ல கட்டிடப் பாதுகாப்பு சட்டம் வந்து, குறைஞ்சது 18 மீட்டர் உயரம் இல்லாட்டி ஏழு மாடி இருக்கற குடியிருப்புக்கெல்லாம் பொறுப்பாளர்னு ஒருத்தர் இருந்தே ஆகணும்னு ஆச்சு. எங்க மீட்டிங்ல நம்ம பிளாக்குக்கு அது யாருன்னு மேனேஜர் கேட்டப்போ ரொம்ப நேரம் அமைதி. நிறுவனம் தானேன்னு ஒருத்தர் சொன்னார். சட்டப்படி அது சரி. ஆனா நிறுவனத்துக்குள்ள எந்த ஆளு, தேதி சொல்லி கேட்டா யார் பதில் சொல்வாங்கன்னு அவங்க விடாம கேட்டாங்க, கடைசில ஒரு பேர் எழுதினோம். அதுக்கு எங்களுக்கு நாலு மீட்டிங் ஆச்சு.

2024 செப்டம்பர் 4, ரெண்டாவது ரிப்போர்ட். எல்லா சாவும் தவிர்த்திருக்கக் கூடியதுன்னு விசாரணை தலைவர் மார்ட்டின் மூர்-பிக் சொன்னார், 1991லேர்ந்தே அரசாங்கத்துக்கு வாய்ப்பு இருந்துச்சுன்னு. அப்போ பிரதமரா இருந்த ஸ்டார்மர் பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டார். யார் மேல கிரிமினல் கேஸ் போடறதுங்கற முடிவு 2026 கடைசிக்கு முன்னாடி வராதுன்னு போலீஸ் அதே வருஷம் சொல்லிருந்தாங்க. பிள்ளைய இழந்த ஒரு அப்பாவுக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல காத்திருப்பு. மன்னிப்பு எல்லாரும் சேர்ந்து கேட்கலாம், கூண்டுல தனித்தனியா தான் நிக்கணும், அது இன்னும் நடக்கலை.

அந்த பதினோராவது மாடி கதவுக்கு 2017 ஜூலைல க்ளோசர் போட்டாங்க. அவ்வளவு நாளா இல்லாத பட்ஜெட் அஞ்சு வாரத்துல வந்துடுச்சு. மெயில்ல முடிஞ்சதுன்னு வந்தது, நான் நம்பாம நேர்ல போனேன். அந்தம்மா கதவை நல்லா தொறந்து விட்டு காட்டினாங்க, அது மெதுவா வந்து டக்குனு சாத்திக்கிச்சு. இன்னொரு தடவை தொறந்து காட்டினாங்க. "அந்த ஆக்கள் செத்ததாலயோ தம்பி எனக்கு இது போட்டவை?"ன்னு கேட்டாங்க. ஆமாம்மான்னு சொன்னேன். அவங்க அப்புறம் எதுவும் பேசல, உள்ள போய் எனக்கு தண்ணி கொண்டு வந்தாங்க.