கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம்

தை மாதக் கடைசி. மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டவேண்டிய நாள். திண்டிவனம் பக்கம் நாங்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அந்த வாரம் மூணு பேஸ் கரண்ட் இரவு முறையில் வந்துகொண்டிருந்தது. ஒன்பதரைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு மடை மாற்றப் போனேன். சார்ஜ் குறைவாக இருக்கிறதே என்று செல்போன் டார்ச்சை அணைத்திருந்தேன். செருப்பு மோட்டார் கொட்டகை வாசலில் கிடந்தது. இருபது வருஷமாக நடக்கிற வரப்பு, கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்கிற திமிர்தான், வேறென்ன.

மண்வெட்டியை ஊன்றிக் குனிந்தேன். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் வருமே, அது காலடியில் கேட்டது. விலகுவதற்குள் கணுக்காலுக்கு மேலே சுரீர் என்றது. டார்ச்சைப் போட்டுப் பார்த்தால், முதுகில் சங்கிலி கோத்ததுபோல வட்ட வட்டமாகப் புள்ளிகள். கண்ணாடி விரியன். மண்வெட்டியால் அடிக்கக்கூடத் தோன்றவில்லை. அது நல்லதாகப் போயிற்று. அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்கியவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

கத்தினேன். பக்கத்துக் கொல்லையில் இருந்த மச்சான் ஓடிவந்து, வந்த வேகத்தில் துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அடுத்த ஊர் வேர் வைத்தியர்கிட்ட கூட்டிப் போங்கடா" என்று ஒரே பிடி. தெருவே அதற்குத் தலையாட்டியது. எதிர்வீட்டுப் பெண் நர்சிங் படிக்கிறாள். அவள் மட்டும், "அண்ணா, நீங்க நடக்காதீங்க, காலை அசைக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி" என்று சொல்லிவிட்டு 108-க்கு அடித்தாள். வண்டி ஊருக்குள் வர நேரமாகும் என்றார்கள். பைக்கில் மச்சான் ஓட்ட, பின்னால் ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நான். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஊசி போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நர்சம்மா 2 மில்லி ரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசையில் நிறுத்தி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "20 நிமிஷம் யாரும் இதைத் தொடாதீங்க." விரியன் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் உறையாதாம், அதைப் பார்க்கத்தான் இது. பிளாஸ்டிக் குழாய் உதவாதாம், சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாதாம்; அவற்றில் நல்ல ரத்தம்கூட உறையாமல் ஏமாற்றிவிடுமாம். கால் தீயாய் எரிய, என் ரத்தத்தை நானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த 20 நிமிடம் மாதிரி நீளமான நேரம் எனக்கு வாய்த்ததில்லை. நேரம் முடிந்ததும் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. உறையவே இல்லை. அதற்குள் ஈறில் உப்புக் கரித்தது, துப்பினால் சிவப்பு.

உடனே 10 குப்பி விஷமுறிவு மருந்து. தூளாக வருகிற மருந்தைக் கரைத்து, சலைனில் கலந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றினார்கள். பாதியில் உடம்பெல்லாம் அரிப்பு, தூக்கிப் போடுகிற குளிர். சட்டென்று நிறுத்தித் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, அடங்கியதும் மறுபடி ஆரம்பித்தார்கள். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். காலில் இருந்த கட்டை அதற்கப்புறம்தான் மெதுவாக அவிழ்த்தார். விரியன் கடிக்குக் கட்டுப் போட்டால் விஷம் ஒரே இடத்தில் தங்கிச் சதையைத்தான் அழிக்கும் என்று மச்சானுக்கு நல்ல டோஸ் விழுந்தது. பாவம், அவர் என்ன செய்வார். எங்களுக்குத் தெரிந்த முதலுதவி அது ஒன்றுதான்.

"பாம்பைக் கொண்டுவரவில்லையே" என்று இழுத்தேன். தேவையில்லையாம். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்து. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தார். எங்கள் வயலில் எலி பிடிக்க வருபவர்களும் இருளர்கள்தான். போன பட்டத்தில் கூலிக்காக அவர்களிடம் பேரம் பேசியதை நினைத்துப் படுக்கையிலேயே வெட்கப்பட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிய பிறகு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி குழாய். அப்போதும் உறையவில்லை. இன்னொரு 10 குப்பி. விடிந்து வெகுநேரம் கழித்துச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக அப்படியே நின்றது. மனைவி குழாயைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் விஷம் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க, போகிற ஒவ்வொரு சொட்டையும் அளவு ஜாடியில் பிடித்துக் குறித்தார்கள். 2024 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பாம்புக் கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள், ஆகவே அதற்கும் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அந்த வார்டில் பாம்புக் கடி என்று படுத்திருந்த நாலு பேரும் வயல் வேலைக்காரர்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. கால் வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று.

நடக்க ஆரம்பித்ததும் ஊரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். "வயலில் கம்பூட் போடுங்கள்" என்றார் பேசியவர். சேற்றில் கம்பூட்டோடு நாற்று நட்டுப் பார்த்திருக்கிறாரா? கால் வரும், பூட் வராது. எழுந்து அதையே சொன்னேன். நடவுக்கு அது ஆகாது. இரவில் வரப்பில் நடக்க, மடை மாற்ற, மல்லாட்டைக் கொடி பிடுங்க, அங்கேதான் வேண்டும். இப்போது என் பூட் மோட்டார் கொட்டகை ஆணியில் தலைகீழாகத் தொங்குகிறது. போடுமுன் தட்டி உதறுவேன், உள்ளே தேள் இருக்கலாம். நெற்றியில் கட்டுகிற லைட் ஒன்று வாங்கினேன். பிடுங்கிப் போட்ட கொடிக் குவியலில் கையை விடுவதில்லை, முதலில் கோலால் புரட்டிவிடுகிறோம். மல்லாட்டைக்கு எலி வரும், எலிக்கு இவர் வருவார். வரப்பு எலிவளைகளை இருளர்களை வைத்து வெட்டினேன். இந்தத் தடவை பேரம் பேசவில்லை.

வேர் வைத்தியரிடம் போய்ப் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று டாக்டரிடம் கேட்டிருந்தேன். சாரை, தண்ணீர்ப் பாம்பு கடித்திருக்கும், இல்லாவிட்டால் விஷப்பாம்பே விஷம் இறக்காமல் கடித்திருக்கும் என்றார். அம்மாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னாள்: அன்று ராத்திரி ஆம்புலன்ஸ் கிளம்பியதுமே அந்த வைத்தியருக்குப் போன் போட்டு மந்திரிக்கச் சொல்லியிருக்கிறாள். நேர்ந்துகொண்ட சேவலைப் போன வாரம் கொடுத்துவிட்டும் வந்துவிட்டாள்.