செதில் விட்டுப் போன சரஸ்வதி

டோக்கியோவிலிருந்து யோகோசுகா தடத்து ரயிலில் ஒரு மணி நேரம். காமகுராவில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பெரிய புத்தரைப் பார்க்கப் போவார்கள், மீதிப் பேர் ஹச்சிமான் கோயிலுக்கு. நாங்கள் இரண்டுக்கும் போகவில்லை. போக விடவில்லை என்பதுதான் சரி. பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் முதல் இடம் ஹோகாய்ஜி என்ற சின்னக் கோயிலுக்கு.

காரணம் ஒரு அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். 2024-இல் வந்த 'தி எலூசிவ் சாமுராய்'. ஜப்பானியத் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'தப்பி ஓடுவதில் கெட்டிக்காரச் சின்ன எஜமான்' என்று வரும். அந்தப் பையன் ஹோஜோ தோகியுகி கற்பனை ஆள் இல்லை. சாமுராய்கள் முதன்முதலில் ஆட்சி அமைத்த ஊர் காமகுரா. மினமோட்டோ யோரிதோமோ தொடங்கிவைத்தார். அவர் வம்சம் மூன்று ஷோகன்களோடு, அதாவது ராணுவ ஆட்சியாளர்களோடு, முடிந்தது. ஆனால் அதிகாரம் அதற்கு முன்பே அவருடைய மாமனார் வீடான ஹோஜோக்களின் கைக்குப் போய்விட்டது. 1333-இல் அவர்கள் வீழ்ந்தபோது, தலைவர் தகாதோகியும் அவரோடு 870-க்கும் மேற்பட்டவர்களும் ஒரே இடத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று 'தைஹெய்கி' என்ற போர்க்காவியம் சொல்கிறது. அவர் மகன் தோகியுகி தப்பி ஓடினான். இரண்டு வருடம் கழித்துப் படையோடு திரும்பி வந்து ஊரைப் பிடித்தான். இருபது நாள் வைத்திருந்தான். அப்புறம் மறுபடியும் ஓட்டம்.

சாமுராய் என்றால் வாளை உருவிக்கொண்டு சாகப் பிறந்தவன் என்றே நினைத்திருந்த எனக்கு, ஓடிப் பிழைத்தவனைக் கதாநாயகனாக்கிய இந்தக் கதை பிடித்திருந்தது. மகளோடு உட்கார்ந்து நாலு எபிசோட் பார்த்தேன். ஐந்தாவதில் தூங்கிவிட்டேன், அது வேறு விஷயம்.

ஹோகாய்ஜி, ஹோஜோக்களின் மாளிகை இருந்த இடத்தில், செத்துப்போன அவர்களின் ஆன்ம சாந்திக்காகக் கட்டிய கோயில். செப்டம்பர் என்பதால் ஹாகி என்ற புதர்ச்செடி வழி முழுக்கச் சாய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அடியில் கொசு. மகள் பூவையும் பார்க்கவில்லை, கொசுவையும் கண்டுகொள்ளவில்லை. நேராகப் போய் ஒரு சின்னத்தின் முன்னால் நின்றாள். கீழே இரண்டு முக்கோணம், மேலே ஒன்று.

"அம்மா, ஹோஜோ சின்னம்!"

எனக்கு அது சமோசாக் கடை போர்டு மாதிரி இருந்தது. சொல்லவில்லை. அவளே ஆரம்பித்துவிட்டாள்: செல்டா கேமில் இதே வடிவம் வரும், 'டெமான் ஸ்லேயர்' அனிமேயில் ஸெனித்சு என்ற பையன் போட்டிருக்கும் மஞ்சள் மேலங்கி முழுக்க முக்கோணம்தான். அந்த முக்கோணக் கட்டத்துக்கு ஜப்பானியத்தில் 'உரோகோ' என்று பெயராம். செதில் என்று அர்த்தம். கெட்டது அண்டாது என்று துணிகளில் போடுவார்களாம்.

"யாரோட செதில்?" என்றேன். அது அவளுக்குத் தெரியவில்லை.

தகாதோகி இறந்த தோஷோஜி கோயில் நடக்கிற தூரம்தான். இப்போது அங்கே கோயில் இல்லை. புல் முளைத்த காலி இடம், ஒரு கல். மேலே குகைக்குப் போகும் பாதையில், பாறை சரியும் என்று வேலி போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

அங்கிருந்து எனோதென் என்ற குட்டி ரயில். மொத்தமே பத்து கிலோமீட்டர், பதினைந்து நிலையம், ஒற்றைத் தண்டவாளம். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. காயப்போட்ட துண்டைக் கையை நீட்டி எடுத்துவிடலாம் போலிருக்கும். கொஞ்ச நேரத்தில் சட்டென்று கடல். இனாமுராகசாகி முனை வந்ததும் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டாள். 1333-இல் ஹோஜோக்களை எதிர்த்து வந்த நித்தா யோஷிசதா என்ற தளபதி காமகுராவுக்குள் நுழைய வழியில்லாமல் இங்கே நின்று, தன் பொன் வாளைக் கடலில் போட்டு நாகதேவனை வேண்டினாராம். கடல் உள்வாங்கி வழிவிட்டதாம். கம்பராமாயணத்தில் 'வருணனை வழி வேண்டு படலம்' என்றே ஒன்று உண்டு. அங்கே கேட்டும் கடல் அசையவில்லை என்றதும் ராமன் வில்லை எடுப்பான். இங்கே இவர் இருந்த வாளையும் கொடுத்துவிட்டார்.

காமகுராகோகோமாயே நிலையத்துக்குப் பக்கத்தில் 'ஸ்லாம் டங்க்' அனிமேயின் தொடக்கப் பாடலில் வரும் லெவல் கிராசிங். உலகத்தில் உள்ள எல்லா செல்ஃபி குச்சிகளும் அங்கே இருந்தன. காவலர் விசிலடித்துக்கொண்டே இருந்தார். பச்சை ரயில் வரும் நேரம் பார்த்து நானும் கிளிக் செய்தேன். படத்தில் ஒரு லாரி மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

எனோஷிமா தீவுக்குப் பாலத்தில் நடந்தே போய்விடலாம். மலை ஏற 1959-இல் போட்ட எஸ்கலேட்டர் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டும். ஏறத்தான் உண்டு, இறங்கக் கால்தான். ஏறிப் போய்ப் பார்த்தால் கோயிலின் சின்னத்திலும் அதே மூன்று முக்கோணம், சுற்றிலும் அலை!

யாருடைய செதில் என்ற கேள்விக்கு விடை இங்கே இருந்தது. ஹோஜோக்களில் பெரிய தலை தோகிமாசா, வம்சம் தழைக்க வேண்டி இந்தத் தீவில் இருபத்தொரு நாள் தவமிருந்தார். கடைசி இரவில் ஓர் அழகி தோன்றி, உன் சந்ததி நாட்டை ஆளும், ஆனால் அறம் தவறினால் ஏழு தலைமுறையைத் தாண்டாது என்று சொல்லிவிட்டு, பெரிய பாம்பாகிக் கடலுக்குள் போனாள். மணலில் மூன்று செதில்கள் கிடந்தன. அவற்றையே கொடியில் போட்டுக்கொண்டார். தைஹெய்கியில் உள்ள கதைதான்.

அந்த அழகி பென்ஸாய்தென். எண்கோண மண்டபத்தில் இருக்கிறாள். சின்னக் கட்டணம் கொடுத்து உள்ளே போனோம். இருட்டு பழகியதும் முதலில் தெரிந்தது கைகள். எட்டு. பென்ஸாய்தென் என்பது வேறு யாருமில்லை, நம் சரஸ்வதி. பௌத்தத்தோடு சீனா வழியாகப் போனவள். சுவர்ணப்பிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூல் அவளை எட்டுக் கையோடு, வில், அம்பு, வாள், ஈட்டி, கோடரி, சக்கரம் எல்லாம் ஏந்தியவளாகச் சொல்கிறது. அதனால்தான் வீரர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. யோரிதோமோ 1182-இல் இந்தத் தீவுக்கு வந்ததே, வடக்கே இருந்த எதிரி ஃபுஜிவாரா ஹிதெஹிராவை ஒடுக்க ஒரு துறவியை வைத்து இவளுக்குப் பூஜை போடத்தான்.

ஆயுத பூஜையும் சரஸ்வதி பூஜையும் ஒரே நாளில் வருவது ஏன் என்று சின்ன வயதில் அம்மாவை நச்சரித்திருக்கிறேன். அந்தச் சிலைக்கு முன்னால் அது ஞாபகம் வந்தது.

பக்கத்தில் இன்னொரு பென்ஸாய்தென். வெள்ளை உடம்பு, துணியில்லை, ஒரு காலை மடித்து உட்கார்ந்து மடியில் பிவா என்ற தந்தி வாத்தியம் வைத்திருக்கிறாள். வீணை மாதிரி நீளமாக இருக்காது; பாதி வெட்டிய பேரிக்காய் மாதிரி, கழுத்து பின்பக்கமாக மடங்கியிருக்கும். கும்பிடுவதா, பார்வையைத் திருப்புவதா என்று தெரியாமல் நின்றேன். வெள்ளைப் புடவையில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்.

"நகிமே கையில இருக்கிறதும் இதுதாம்மா" என்றாள் மகள். டெமான் ஸ்லேயரில் பிவாவை ஒரு மீட்டு மீட்டினால் மொத்தக் கோட்டையையும் புரட்டிப்போடும் பெண் அரக்கி. கலைமகளின் கைக்கருவி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

வெளியே வந்து படியிறங்கும்போது மெதுவாகக் கேட்டாள், "அப்போ ஹோஜோவுக்குச் சின்னம் குடுத்தது நம்ம சரஸ்வதியா?"

"ஆமாம்."

"பாம்பா?"

"இங்கே பாம்பு."

அடுத்த புரட்டாசிக்கு ஸெனித்சு மேலங்கியையும் புத்தகத்தோடு அடுக்கி வைக்கலாமா என்றாள். பாட்டியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கீழே முழு ஆக்டோபஸை இரும்புத் தட்டில் அழுத்திக் காகிதம் போல் சுட்டு எடுக்கும் அப்பளம் விற்கிறார்கள். முகத்தைவிடப் பெரியது. ஒன்று வாங்கினாள். பருந்து ஜாக்கிரதை என்று எழுதிய பலகைக்கு அடியில் நின்றே தின்றோம். பின்பக்கமிருந்து ஒரு விசிறல்; என் காதோரம் காற்று, அவள் கையில் பாதி அப்பளம். மறுபாதி கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. பாம்பின் தீவில் கருடன் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், மிச்சத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகள் கடைக்குள் ஓடியிருந்தாள். பார்க்கிற அனிமே அப்படி.