டிராக் எஸ்டீமுக்கு மீட்டர் மாட்டும் வேலை

ஜனவரி 6

வண்டி மாருதி எஸ்டீம், 1298 சிசி. ஓடப்போவது சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில். டாஷ்போர்டில் கம்பெனி வைத்த ஆயில் விளக்கு உண்டு, அதை நம்பி டிராக்கில் இறங்கக் கூடாது. அதற்குள்ள ஸ்விட்ச், ஆயில் பிரஷர் ஏறக்குறைய 0.3 பாருக்குக் கீழே போனால்தான் விளக்கைப் போடும் (பார், பிஎஸ்ஐ இரண்டும் அழுத்தத்தின் அளவு). 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு. அதன்படி 6000-ல் 60 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 4 பார் வேண்டும். அங்கே 1 பார் மட்டும் இருந்தாலும் விளக்கு சும்மாதான் இருக்கும். அது எரியும் நேரத்தில் பேரிங் போயிருக்கும்.

ஜனவரி 13

மூன்று மீட்டர் போதும்: ஆயில் பிரஷர், ஆயில் சூடு, தண்ணீர் சூடு. ஆனால் பணத்தை முதலில் நாமே மாட்டும் தனி எச்சரிக்கை விளக்குக்குச் செலவிட வேண்டும். வளைவுக்குள் இருக்கும் டிரைவர் முள்ளைப் பார்க்கமாட்டார். மீட்டர் நேர்ப்பாதையிலும், வண்டியை நிறுத்திப் பார்க்கும் பிட்டிலும் படிப்பதற்கு. எஞ்சினைக் காப்பாற்றுவது விளக்கு.

தண்ணீர் பக்கம் இன்னொரு ஆபத்து. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் ஏறாமல் இறங்கவும் செய்யும். அதனால் கூலன்ட் டேங்கில் ஒரு மிதவை ஸ்விட்சும் சேர்த்தாயிற்று.

ஜனவரி 20

அதிகம் தப்பு நடக்கும் இடம் சென்டர் (sender), அதாவது எஞ்சினில் அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார்தான். விடிஓ (VDO) என்ற கம்பெனியின் வகையில் 5 பார் சென்டருக்கும் 10 பார் சென்டருக்கும் ஓம் கணக்கு, அதாவது மின்தடை, ஒன்றே, 10 முதல் 180 வரை. 5 பார் மீட்டருக்கு 10 பார் சென்டர் கொடுத்தால் 4 பார் உள்ள இடத்தில் முள் 2 காட்டும். நல்ல எஞ்சினைப் பிரித்து மேய வைத்துவிடும். அமெரிக்க வகை 240-லிருந்து 33-க்கு இறங்கும். அதில் முள் தலைகீழாகவே ஓடும். மீட்டரையும் சென்டரையும் ஒரே செட்டாக வாங்குவதே உத்தமம்.

அடுத்தது மரை. ஜப்பானிய எஞ்சின்களில் பிரஷர் ஸ்விட்ச் ஓட்டை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பிடி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 மரை. கடையில் கிடைக்கும் சென்டர் பல 1/8 என்பிடி என்ற அமெரிக்க வகை, 27 மரை. முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஒழுகும், இல்லையென்றால் ஓட்டையே விரியும். மரை அளவியை வைத்துப் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்கலாம்.

ஜனவரி 27

பித்தளை டீ (T வடிவ இணைப்பு) போட்டு கனமான சென்டரை எஞ்சின் பிளாக்கிலேயே தொங்கவிட்டால் அதிர்வில் கழுத்து ஒடியும், சூடான ஆயில் எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். சென்டரும் விளக்குக்கான ஸ்விட்சும் ஃபயர்வாலுக்கு, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுக்குப் போயின, நடுவில் பின்னல் உறை போட்ட பிரேடட் ஹோஸ். ஒற்றை வயர் சென்டருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான் வரும். ரப்பர் வைத்த கிளாம்பில் பிடித்தால் எர்த் கிடைக்காது. தனி வயர் இழுத்தாயிற்று.

பிரஷர் விளக்குக்குத் தனி ஸ்விட்ச், 1.4 பார். மீட்டர் முள் மெதுவாக அசையும், கால் நொடிச் சரிவை விழுங்கிவிடும்; ஸ்விட்ச் விழுங்காது. சூடான ஐடிலில் இந்த விளக்கு எரியும். எரியட்டும், உயிரோடு இருப்பது தெரியும். சிவப்பு எல்இடி, 680 ஓம் ரெசிஸ்டர், 1 ஆம்ப் ஃபியூஸ். ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே, சாலையைப் பார்க்கும் கண்ணிலேயே படும்படி. மூன்று மீட்டரையும் திருப்பி, சரியான அளவில் முள் எல்லாம் 12 மணியைப் பார்க்கும்படி வைத்தாயிற்று. எண்ணைப் படிக்க வேண்டியதில்லை, ஒரு முள் சாய்ந்தால் போதும்.

பிப்ரவரி 3

சூடு சென்டரை மாட்டுமுன் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சென்டரின் உடம்பிலிருந்து வண்டியின் எர்த் போல்ட்டுக்கு ஒரு வயர் கொடுத்துப் பார்த்தோம். சென்னை கடல்மட்டம், 100 டிகிரி காட்ட வேண்டும். 94 காட்டியது. மல்டிமீட்டர் வைத்துத் தேடினால் எர்த் வயர் பிடித்த போல்ட்டின் அடியில் பெயின்ட். சுரண்டி இறுக்கியதும் 99.

பிப்ரவரி 11

டிராக். ஐந்தாவது லேப்பில் ஆயில் 118 டிகிரி, தண்ணீர் 96, நேர்ப்பாதையில் 4.2 பார். ஆறாவது லேப்பில் வேகமான நீண்ட வளைவின் நடுவில் விளக்கு ஒருமுறை மின்னியது. முள் அசையவே இல்லை. உடனே பிட்டுக்குள். டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே. வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுத்திருக்கிறது. அன்றைய ஓட்டம் அத்தோடு நின்றது.

மாலையில் ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் பிடித்தால், கரிப்பொடி மட்டும். காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது என்பதால் மினுமினுப்பையும் தேடியாயிற்று, இல்லை. அரை லிட்டர் ஊற்றி மேல் கோடு வரை ஏற்றியாயிற்று. அடுத்த ஓட்டத்துக்கு முன் எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றி, ஆயில் ஒதுங்காமல் இருக்கத் தடுப்புத் தகடு வைக்கும் வேலை.